எண் விழுந்த ஆய்வேடு

நான் நான்கு துரைமார்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒருவர் குடிகாரர். ஒருவர் முன்கோபி. ஒருவரிடம் காலை பத்து மணிக்கு முன்னால் யாரும் வாய் திறக்கக்கூடாது. இன்னொருவர் நல்லவர், ஆனால் எதையும் படிக்கமாட்டார். இந்த நால்வர் மேலும் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. மேசை மேல் கிடக்கும் உருட்டு ரூலரை எடுத்து நடுமண்டையில் ஒன்று போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றிய ஒரே ஆள் எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, விசுவலிங்கம்தான். அவரைப் போல நேர்மையான மனிதரை நான் பார்த்ததில்லை. அதுதான் கோபத்துக்குக் காரணம். அயோக்கியராக இருந்திருந்தால் என்றைக்கோ மறந்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. மலாயாவில், ஜொகூர் சமஸ்தானத்து மூவார் ஊரில், ஆற்றங்கரைப் படகுத்துறைக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் அரசாங்க அலுவலகம். அவ்வளவு போதும். அங்கே நான் இரண்டாம் கிராணி, பெயர் ஐயாசாமி. டைப் அடிப்பது ஒரு வேலை. வருகிற காகிதங்களைப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, எண் போடுவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையால் நான் செய்த பாவத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மிச்சத்தைக் கேட்க உங்களுக்குப் பொறுமை இருக்காது.

விசுவலிங்கத்தின் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சுழிபுரம். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிவிட்டு, 1908இல் இருபதாம் வயதில் கப்பலேறியவர். ஜொகூர் பாருவில் மூன்று வருஷம், கோத்தா திங்கியில் ஏழு வருஷம், அதன் பிறகு மூவார்தான். மலாய் நன்றாகப் பேசுவார். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியை நம் ஆட்கள் பலர் தொடவே பயப்படுவார்கள். இவரோ அதில் மனு எழுதிக் கொடுக்கும் அளவுக்குத் தேர்ந்திருந்தார். வெள்ளை டிரில் கோட்டு, திருநீறு, கறுப்புக் குடை. எட்டேகாலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால், கூரை இடிந்து விழுந்தாலும், விழுந்த நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அவருடைய வேலை டிராஃப்ட் எழுதுவது. துரைக்கு ஒரு கடிதம் வரும். துரை அதன் மூலையில் 'டிராஃப்ட் வைக்கவும்' என்று கிறுக்கி வெளியே அனுப்புவார். பெரிய கிராணி பைலை முழுக்கப் படித்துப் பதில் எழுதுவார். தாளின் வலது பாதியில் மட்டும் எழுத வேண்டும், இடது பாதி துரை திருத்துவதற்காக வெறுமையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். பிறகு நான் டைப் அடிப்பேன். அவர் டிராஃப்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துக்கு உள்ளே அனுப்புவார். துரை போடுவார். இருபத்தைந்து வருஷமாக இப்படி டிராஃப்ட் எழுதிப் பழகிய விசுவலிங்கத்தின் கை, சீனர் கடைக்கு எழுதும் சாமான் பட்டியலையும் தாளின் வலது பாதியில்தான் எழுதும்.

“கடைக்காரன் இதில என்னத்தைத் திருத்தப்போறான் எண்டு இவ்வளவு இடம் விட்டிருக்கிறியள்?” என்று அவர் மனைவி அன்னபாக்கியம் கேட்பார்.

அடுத்த பட்டியலும் வலது பாதியில்தான் வரும்.

இந்த மனிதருக்குள் ஒரு கேள்வி புகுந்து உட்கார்ந்திருந்தது. அது 1914இல் கோத்தா திங்கியில் புகுந்தது. ஆற்றில் வெள்ளம் வந்து கடைத்தெரு மூழ்கியது. அப்போதைய துரை மலேரியாவில் கிடந்தார். இருபத்தாறு வயது விசுவலிங்கம், மேலிடத்துக்குப் போக வேண்டிய அறிக்கையை எழுதும்போது, கடை வரிசையை மேட்டுக்கு மாற்றுவது நல்லது என்று தானாக ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டார். துரை படுக்கையில் கிடந்தபடியே படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து மேலே இருந்து உத்தரவு வந்தது. இவர் எழுதிய வாக்கியமே, ஒரு சொல் மாறாமல். நாற்பது கடைகள் இடம் பெயர்ந்தன.

வேறொருவராக இருந்தால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்திருப்பார். இவர் பயந்து போனார்.

“அப்ப இந்த நாட்டை ஆளுறது ஆர், ஐயாசாமி? கையெழுத்துப் போடுறவரோ, எழுதுறவனோ?” என்று என்னிடம் நூறு தடவையாவது கேட்டிருப்பார்.

நான் நூறு தடவையும் “நமக்கு எதுக்கு சார் அந்த வம்பு?” என்றேன்.

அவர் விடவில்லை. 1925இல் தொடங்கி ஒன்பது வருஷம், மாலை வேளைகளிலும் வெள்ளிக்கிழமை விடுமுறைகளிலும் உட்கார்ந்து அதையே ஆராய்ந்தார். அரசாங்கக் கடிதங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் கிராணி எழுதிய டிராஃப்ட், துரை கையெழுத்திட்ட கடிதம், அதிலிருந்து பிறந்த உத்தரவு, மூன்றையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டார். இருநூற்று எழுபத்தொன்றில் துரைமார் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை என்று கண்டுபிடித்தார். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காத ஒருவர், அரசியல் ஆட்சி பற்றி அறுநூறு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி முடித்தார். அதற்கு 'எழுதுகிறவனும் கையெழுத்திடுகிறவனும்' என்று பெயர் வைத்தார். அதை டைப் அடித்தவன் நான். அலுவலக மெஷினைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் பழைய மெஷினை இரவல் வாங்கி வந்தார். நாலு எழுத்து அடித்தால் ஒன்று சிக்கிக்கொள்ளும். என் விரல் நுனிகள் இன்றும் அந்த மெஷினைச் சபிக்கின்றன.

அறுநூறு பக்கத்தில் எனக்குப் பிடித்தது நாலாம் அதிகாரம். அதில் அவர் எழுதியிருந்ததன் சாரம் இது: கையெழுத்துப் போடுகிறவர் படிப்பதில்லை. ஆகவே எழுதுகிறவன் பைலில் இல்லாததை எழுதுவதில்லை என்ற ஒரே நம்பிக்கையில்தான் அரசாங்கம் நிற்கிறது. அவன் தன் வசதிக்காக ஒரு வரி பொய் எழுதிவிட்டால், அன்றோடு அது அரசாங்கம் அல்ல, காகிதக் கட்டு. டைப் அடிக்கும்போது எனக்குப் புல்லரித்தது. அந்த அதிகாரமே எங்கள் கழுத்தில் கத்தி வைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

1934 ஆகஸ்டில், சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றில் அந்த விளம்பரம் வந்தது. லண்டனில் பென்வார்டன் அறக்கட்டளை என்று ஒன்று. அரசியல் இயலில் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடுகளுக்கு அது ஆண்டுதோறும் பரிசு கொடுத்து வந்தது. இந்தத் தடவை கீழை நாடுகளில் இருப்பவர்கள் பட்டமே இல்லாவிட்டாலும் அனுப்பலாமாம். தகுதியுள்ளது என்று நடுவர்கள் கண்டால் ஆய்வேட்டை அச்சிடுவார்கள், டாக்டர் பட்டத் தேர்வுக்கு எழுதியவரை லண்டனுக்கே அழைப்பார்கள். 1935 ஜூன் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். நேராகச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும்.

விசுவலிங்கம் அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலை படகுத்துறைப் பக்கம் நடந்தபோது, அவர் வாழ்நாளில் முதல்முறையாகத் தன்னைப் பற்றிப் பேசினார்.

“இருபத்தாறு வருசமாய் எழுதுறன், ஐயாசாமி. ஆயிரக்கணக்கில கடிதம். ஒண்டின்ர அடியிலயும் என்ர பேர் இல்லை. ஒரேயொரு தாளிலயாவது அடியில 'விசுவலிங்கம்' எண்டு அச்சில பாத்திட்டுச் சாகவேணும். வேற ஒண்டும் வேண்டாம்.”

டாக்டர் பட்டமோ, லண்டனோ அவருக்குப் பெரிதில்லை. அவர் கேட்டது தன் பெயரை மட்டும்.

மறுநாள் காலை என் மேசைத் தட்டில் ஆய்வேட்டுக் கட்டு கிடந்தது. மேலே துரைக்கு ஒரு கடிதம், 'இத்துடன் இணைத்துள்ள ஆய்வேட்டை மேற்படி அறக்கட்டளைக்கு அனுப்ப அனுமதி கோரி, பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்' என்று.

“சார், நேரா அனுப்பச் சொல்லித்தானே போட்டிருக்கான்?” என்றேன்.

“அரசாங்கக் கிராணி வெளியாருக்கு எழுதுறதெண்டால் மேலிடத்தாலதான் எழுதவேணும். அதுதான் புரொப்பர் சானல்.”

“அது ஆபீஸ் விசயத்துக்கு சார். இது உங்க சொந்த விசயம்.”

“ஆபீஸ் ஃபைல்களைப் பாத்தெல்லோ எழுதினனான்?”

மூக்கைத் தொட வேண்டுமென்றால் தலையைச் சுற்றித்தான் தொடுவேன் என்று நிற்கும் மனிதரிடம் என்ன பேச? நான் கட்டைத் திருப்பி அவர் மேசையில் வைத்திருக்க வேண்டும். ஆற்றில் போட்டிருந்தாலும் தேவலை. நான் செய்தது என்ன தெரியுமா? தட்டில் காகிதம் கிடந்தால் என் கை என்னைக் கேட்காது. அது தானாக முத்திரையை எடுத்துக் குத்தி, பதிவேட்டில் ஏற்றி, 1934ஆம் வருஷத்து 847ஆம் எண் என்று போட்டுவிட்டது. ஒரு காகிதத்துக்கு எண் விழுந்துவிட்டால் அது அரசாங்கத்துடையது. எழுதியவரே ஆனாலும் அனுமதியில்லாமல் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஒன்பது வருஷத்து உழைப்பை ஒரு நொடியில் அரசாங்கத்துக்குத் தாரை வார்த்தது இந்தக் கைதான்.

பைல் 847 பயணம் புறப்பட்டது. எங்கள் துரை, அதாவது எதையும் படிக்காத நல்லவர், 'மேலே அனுப்பவும்' என்று எழுதினார். ஜொகூர் பாருவில் ஒரு இலாகா, இது தங்களுக்கு உரியதல்ல என்று இன்னொரு இலாகாவுக்குத் தள்ளியது. அந்த இலாகா, மேற்கோள் காட்டிய பைல்களின் பட்டியல் வேண்டும், அதுவும் இரண்டு பிரதி வேண்டும் என்று கேட்டது. விசுவலிங்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு பைல்களின் பட்டியலையும் ஒரு வாரத்தில் தயாரித்தார். பட்டியல் போன பிறகு இரண்டு மாதம் மூச்சுப் பேச்சில்லை. நினைவூட்டல் எழுத வேண்டும். அதை எழுதுவது யார்? பெரிய கிராணி. 'மேற்படி கிராணியின் விண்ணப்பம் குறித்துத் தங்கள் உத்தரவை எதிர்பார்க்கிறேன்' என்று, தன்னைப் பற்றியே யாரோ எவரோ போல எழுதித் துரையிடம் கையெழுத்து வாங்கினார். இப்படி மூன்று நினைவூட்டல்கள். மூன்றாவதற்குப் பதில் வந்தது. 'கவனத்தில் வைக்கப்பட்டுள்ளது.'

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

1935 ஏப்ரல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அன்னபாக்கியம் அக்கா எனக்கு ஆள் அனுப்பினார். விசுவலிங்கம் கோயிலுக்குப் போயிருந்தார். கூடத்து மேசையில் ஆய்வேட்டின் கார்பன் பிரதி, பழுப்புத் தாளில் சுற்றிக் கயிறு கட்டித் தயாராக இருந்தது.

“தம்பி, இதில லண்டன் விலாசத்தை எழுதித் தாங்கோ.”

“அக்கா, சாருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சால் விடுவாரே? இந்த மனிசன் சாகுமட்டும் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இருக்கப்போறார். யமன் வந்தாலும், மேலிடத்தால வாரும் எண்டு திருப்பி அனுப்புவார். ஒன்பது வருசம் இந்த வீட்டில நான் அந்த முந்நூறு ஃபைலோடதான் குடும்பம் நடத்தினனான். எனக்கும் அதில பங்கிருக்குத் தம்பி. எழுதுங்கோ.”

எழுதினேன். சந்தோஷமாகவே எழுதினேன். அலுவலகப் பியூன் காளியப்பனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அவனுக்கு விசுவலிங்கம் என்றால் உயிர்.

“எங்கிட்ட குடுங்க சார். என் மச்சான் சிங்கப்பூர் கப்பல்லதான் வேல பாக்குறான். பெரிய போஸ்டாபீஸ்லயே போட்டுடுவான் லா. ஒருத்தருக்கும் மூச்சு விட மாட்டேன்.”

கட்டு போய்விட்டது. மூன்று பேரும் திருடர்கள் மாதிரி சிரித்தோம். ஆனால் நாங்கள் கிராணித் தொழிலைத் தின்று வளர்ந்த திருடர்கள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், விசுவலிங்கம் என்ற பெயருக்குக் கீழே பதவி, அலுவலகம் எல்லாம் போட்டு, 'முறைப்படி மேலிடத்தின் மூலம் சமர்ப்பிக்கப்படுகிறது' என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை டைப் அடித்தவனே நான்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் ஐம்பது கடிதத்தில் அடிக்கிற வரி கண்ணில் படுமா?

அக்டோபர் மாதம் பதில் வந்தது. வீட்டுக்கு வரவில்லை. லண்டன்காரர்கள் அந்த முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, மரியாதையாக மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். ஜொகூர் பாருவில் இறங்கி, படிப்படியாகக் கீழே வந்து, ஒரு திங்கட்கிழமை என் தட்டில் விழுந்தது. துரை அதன் மூலையில் வழக்கம்போல 'டிராஃப்ட் வைக்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் படித்திருந்தால்தானே?

நான் படித்தேன். நடுவர்கள் மூவரும் இந்த ஆய்வேட்டை ஒருமனதாக முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். அரசாங்கப் பைல்களை ஆதாரமாகக் காட்டியிருப்பதால் இரண்டு விஷயங்களை உறுதிப்படுத்த வேண்டும். ஒன்று, இது விசுவலிங்கம் என்பவர் தாமே எழுதியதா? இரண்டு, இதை அனுப்ப அவருக்கு அனுமதி தரப்பட்டதா? பதில் டிசம்பர் பதினைந்துக்குள் வேண்டும். அனுமதி இல்லையென்றால் விதிப்படி அடுத்த ஆய்வேட்டுக்குப் பரிசு போகும்.

கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். 'ஒருமனதாக முதலிடத்தில்' என்ற வரியின் கீழ் அவர் விரல் நின்றது, நகர்ந்தது, மறுபடி அங்கேயே வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார் அனுப்பினார்கள் என்று என்னைக் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த காளியப்பனை ஒரு பார்வை பார்த்தார். அவன் சட்டென்று எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டான். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“அன்னபாக்கியம் கட்டின கயிறு, லண்டன்மட்டும் அவிழாமல் போயிருக்குது,” என்றார். குரலில் கோபமே இல்லை. அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பிறகு பைல் 847ஐக் கொண்டுவரச் சொன்னார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டினார். அனுமதி எங்கேயும் இல்லை. டிராஃப்ட் தாளை எடுத்து, நடுவில் மடித்து, வலது பாதியில் எழுதத் தொடங்கினார்.

“சார், இருங்க. என்ன எழுதப் போறீங்க?”

“உள்ளதை.”

“துரை படிக்கவா போறார்? 'அனுமதி உண்டு'ன்னு ஒரு வரி எழுதுங்க. கையெழுத்துப் போட்டுட்டு டென்னிஸ் ஆடப் போயிடுவார். நீங்கதானே அறுநூறு பக்கம் எழுதினீங்க, எழுதுறவன்தான் ஆளுறான்னு? ஒரே ஒரு நாள் ஆளுங்க சார்!”

அவர் பேனாவை வைத்தார்.

“நாலாம் அதிகாரம் நீர்தானே டைப் அடிச்சனீர்?”

“அதை அடிச்ச பாவி நான்தான். இப்ப அதை விடுங்க. பொய்யே எழுத வேணாம். 'அனுமதி விரைவில் கிடைக்கும்'னாவது எழுதுங்க. அவங்க காத்திருப்பாங்க.”

“'விரைவில்' எண்டு ஃபைலில எங்க இருக்குது? காட்டும், எழுதுறன்.”

காட்ட முடியவில்லை. அந்த அரசாங்கத்தில் எந்தப் பைலில் 'விரைவில்' இருந்தது?

“ஐயாசாமி, எனக்கு ஆசை இல்லை எண்டு நினையாதையும்.” அவர் குரல் உடைந்தது. “கோத்தா திங்கியில ஒரு வரி சேத்தனான். அது நல்ல வரிதான். எண்டாலும் இருபது வருசமாய் அது என்னை நித்திரை கொள்ள விடேல்லை. அது ஊருக்காக எழுதினது. இது எனக்காக. இதை எழுதிப்போட்டு, அந்த நாலாம் அதிகாரத்துக்குப் பரிசு வாங்கேலுமோ? வாங்கினால், அடியில என்ர பேரைப் பாக்க எனக்கு வெக்கமாய் இருக்காதோ?”

அவர் எழுதினார். மேற்படி ஆய்வேடு விசுவலிங்கம் என்பவர் தாமே எழுதியது. அதை அனுப்ப இன்றைய தேதிவரை அவருக்கு அனுமதி வழங்கப்படவில்லை. இப்படிக்குத் தங்கள் பணிவான ஊழியன். இரண்டே வாக்கியம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதையும் இவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் யாரும் வைத்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

நான் டைப் அடித்தேன். இரண்டாம் வாக்கியத்தில் 'இல்லை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு, 'வழங்கப்பட்டுள்ளது' என்று வரும்படி அடித்தேன். தெரிந்துதான் அடித்தேன். வேலை போனால் போகட்டும், ஏதாவது ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று நெஞ்சை இறுக்கிக்கொண்டு கடிதத்தைக் கையெழுத்துப் புத்தகத்துக்குள் செருகினேன்.

அவர் எந்தக் கடிதத்தையும் ஒப்பிடாமல் உள்ளே விடமாட்டார் என்று எனக்கு மறந்துபோயிற்று. டிராஃப்டின் மேல் ஒரு விரல், கடிதத்தின் மேல் ஒரு விரல். இரண்டாம் வாக்கியத்தில் விரல் நின்றது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவர் மனம் என்ன பாடு பட்டது என்று எனக்குத் தெரியாது. கடிதத்தை உள்ளே அனுப்பிவிட்டு, நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“ஐயாசாமி, இதில ஒரு டைப்பிங் பிழை இருக்குது. திருப்பி அடியும்.”

திருப்பி அடித்தேன். எழுத்து தெரியாமல் கண்ணைத் துடைத்துத் துடைத்து அடித்தேன். துரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கடிதம் போயிற்று.

பரிசு யாருக்கோ போனது. அந்த ஆள் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. 1936 ஜனவரி இருபதாம் தேதி, ஜொகூர் பாருவிலிருந்து பைல் 847 திரும்பி வந்தது. மேலே ஒரு வரி: 'அனுப்புவதில் ஆட்சேபணை இல்லை.' ஐந்து வாரத் தாமதம். ஆறிய கஞ்சி பழங்கஞ்சி. நான் பைலை அவர் மேசையில் ஓங்கிப் போட்டேன். ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னேன், மலாயில். விசுவலிங்கம் அந்த வரியைப் படித்தார். அதன் கீழே 'பார்த்தேன். பைலில் சேர்க்கவும்' என்று எழுதித் தேதி போட்டார்.

மறு வருஷமாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். கீழை நாடுகளுக்கான சலுகை அந்த ஒரு தடவைதான் என்று விளம்பரத்துத் துண்டை எடுத்துக் காட்டினார். இன்னும் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

1938இல் ஐம்பது வயதில் ஓய்வு பெற்றார். ஊருக்குப் போகும் அன்று படகுத்துறையில் நானும் காளியப்பனும் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நின்றோம். விசுவலிங்கம் கையில் பட்டியலோடு, பெட்டிகளில் ஒட்டிய எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அன்னபாக்கியம் அக்கா என்னை இரண்டடி தள்ளி அழைத்தார். அவர் குரலைத் தாழ்த்தினாலும் காற்று அவர் கணவர் பக்கம்தான் வீசியது.

“தம்பி, மூண்டு வருசமாய் இவருக்குத் தெரியாமல் தபால்காரனைப் பாத்துக்கொண்டே இருந்தனான். அந்த லண்டன்காரர் ஒரு கடுதாசி கூடப் போடேல்லையே. நல்லாயில்லை எண்டாவது எழுதியிருக்கலாம். உங்கட ஆபீசுக்காவது ஏதும் வந்ததோ?”

அக்காவுக்கு எதுவும் தெரியாது. அன்று வந்த கடிதத்தைப் பற்றியோ, முதலிடத்தைப் பற்றியோ, தான் கட்டிய கயிறு எவ்வளவு தூரம் போனது என்பதைப் பற்றியோ, வீட்டில் விசுவலிங்கம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சொன்னால், பதிலை எழுதிய கை எது என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பட்டியலில் ஓடிக்கொண்டிருந்த விசுவலிங்கத்தின் விரல் நின்றுவிட்டது. அவர் காதில் விழுந்துவிட்டது.

“ஒண்ணும் வரலைங்க அக்கா,” என்றேன். “ஒரு காயிதமும் வரலை.”

“மரியாதை தெரியாத சனம்,” என்றார் அக்கா.

விசுவலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக என் தாளில் ஒரு புள்ளி தவறினாலும் விடாத கண்கள். பிழை இருக்கிறது, திருப்பிச் சொல்லும் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை. குனிந்து, அடுத்த பெட்டியின் எண்ணைப் பார்க்கத் தொடங்கினார்.